சாட்சியத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், 'போட்டிச் சட்டப் பிரிவு' என்று பலகை மாட்டிய அறையில் இருந்தவை இரண்டே மேஜைகள். ஒன்றில் கோரின் டஃபெக் இருபத்து மூன்று வருஷமாக உட்கார்ந்திருந்தாள். மற்றதில் யாரும் நிலைத்ததில்லை. சட்டம் படித்துவிட்டு வருகிறவர்கள் இரண்டு வருஷம் அவளிடம் வேலை கற்றுக்கொண்டு, எதிர்த்தரப்புக் கம்பெனிகளுக்கே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். போன பிறகும் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவார்கள். கோரின் அவற்றை ஜன்னல் விளிம்பில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தாள்.

ஓக்மீட் கிட்னி கேர் என்ற கம்பெனி வெல்ஃபோர்ட் ஊரின் டயாலிசிஸ் மையத்தை வாங்கப்போகிறது என்ற அறிவிப்பு செப்டம்பரில் அவள் மேஜைக்கு வந்தது. நாட்டில் நானூறு இடங்களில் கிளை வைத்திருக்கும் கம்பெனி அது. வெல்ஃபோர்ட் மையமோ இரண்டு டாக்டர்கள் சேர்ந்து நடத்தியது. ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார், மற்றவருக்குக் கை நடுக்கம். விற்பனை சின்னது என்பதால் மத்திய அரசு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் மாநிலத்துக்கென்று தனிச் சட்டம் இருந்தது. ரயில் கம்பெனிகளும் தானிய வியாபாரிகளும் கூட்டுச் சேர்ந்து கழுத்தை நெரித்த காலத்தில், கோதுமை விவசாயிகள் சட்டசபைக்குள் புகுந்து எழுதவைத்த சட்டம் அது. ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்குவதால் போட்டி கணிசமாகக் குறையுமானால் அந்த வாங்கல் செல்லாது. அவ்வளவுதான். கோரினுக்கு அந்த வரி மனப்பாடம்.

சுற்றியுள்ள மூன்று மாவட்டங்களுக்கும் இருந்தது இரண்டே மையங்கள். ஒன்று வெல்ஃபோர்ட்டில். இன்னொன்று, ஏற்கெனவே ஓக்மீட் நடத்துவது, அறுபத்தெட்டு மைல் தள்ளி கெர்னனில். கோரின் கேட்டு வாங்கிய கம்பெனிக் கடிதங்களில் ஒரு மேலாளர் இன்னொருவருக்கு எழுதியிருந்தார்: 'வெல்ஃபோர்ட் நம் கைக்கு வந்துவிட்டால் கெர்னனுக்கு எதிரே ஆளில்லை. பிறகு இரண்டு கட்டடம் எதற்கு?' அதைப் படித்த அன்று மத்தியானம் சாப்பிடக்கூடத் தோன்றாமல் அறைக்குள் நடந்துகொண்டே இருந்தாள்.

கடிதம் மட்டும் போதாது. இரண்டு மையங்களும் நிஜமாகவே ஒன்றுக்கொன்று போட்டி என்று உள்ளே இருந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வெர்லா ஓஸ்ட்பி என்று எல்லோரும் சொன்னார்கள்.

அக்டோபரில் கோரின் வெல்ஃபோர்ட்டுக்குக் காரில் போனாள். மையம் ஒரு பழைய டிராக்டர் ஷோரூம் கட்டடத்தில் இருந்தது. ஆறு நாற்காலிகள், ஆறு இயந்திரங்கள். தலைமை நர்ஸ் வெர்லாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. வலது முழங்காலில் பட்டை கட்டியிருந்தாள். கோரினை ஏறிட்டுப் பார்க்காமலே ஒரு நோயாளியின் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"வக்கீலம்மா வந்திருக்காங்க வெர்லா," என்றார் நாற்காலியில் இருந்தவர். "கொஞ்சம் பார்த்துக் குத்து. சாட்சி இருக்கு."

அவர் ஆர்லன் கெக். முப்பத்தோரு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டாள். ஆறு வருஷமாக வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் அந்த நாற்காலி.

"வாயை மூடுங்க ஆர்லன். நேத்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க? மூணு கிலோ ஏறியிருக்கு."

"பாத்தீங்களா வக்கீலம்மா? என் பொண்டாட்டிகூட இப்படிக் கணக்குக் கேட்டதில்ல."

வேலை முடிந்ததும் வெர்லா கோரினைப் பின்பக்கத்துச் சின்ன அறைக்கு அழைத்துப்போய்க் காபி ஊற்றினாள்.

"நான் முதல்ல கெர்னன்லதான் இருந்தேன்," என்றாள். "இங்க வந்தப்புறம் நாங்க காலையில அஞ்சு மணிக்குத் திறந்தோம், வேலைக்குப் போறவங்களுக்காக. ஒரே மாசத்துல அவங்களும் அஞ்சு மணிக்குத் திறந்தாங்க. நாங்க ஒரே நேரத்துல மூணு பேருக்கு ஒரு நர்ஸ்னு வெச்சோம். அங்க அஞ்சு பேருக்கு ஒருத்தி. எங்க பக்கம் ஆள் வர ஆரம்பிச்சதும் அவங்களும் நாலுன்னு இறங்கினாங்க. அதுக்குப் பேரு போட்டின்னா, ஆமா, போட்டிதான்."

"இதையே சத்தியம் பண்ணிச் சொல்லணும். சொல்வீங்களா?"

வெர்லா கோப்பையைக் கையில் சுற்றினாள். "சொன்னா என்னை என்ன பண்ணுவாங்க?"

"ஒண்ணும் பண்ண முடியாது. சாட்சி சொன்னவங்களைப் பழிவாங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. கை வெச்சா நான் சும்மா விடமாட்டேன்."

"சரி, நீங்க தோத்துட்டா? எனக்கு இந்த வேலைதான் தெரியும். அதைக் குடுக்க இந்தப் பக்கத்துல ரெண்டு பேர்தான் இருக்காங்க. ரெண்டும் ஒண்ணாயிட்டா நான் எந்தக் கதவைத் தட்டறது?"

"அதைத் தடுக்கத்தானே வந்திருக்கேன்," என்றாள் கோரின்.

மனதாரச் சொன்னாள். அந்தக் கடிதத்தைப் பார்த்தபின் எந்த நீதிபதியும் இந்த விற்பனையை விடமாட்டார் என்று முழுக்க நம்பினாள். வெர்லா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சரி. எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

கோரின் வழக்குப் போட்டாள். அது நீதிபதி முன் விசாரணைக்கு வருவதற்கு முன்பே, மார்ச்சில், வெல்ஃபோர்ட் நீதிமன்றக் கட்டடத்தின் கூட்ட அறையில் வைத்து எதிர்த்தரப்பு வெர்லாவை விசாரித்தது. ஓக்மீட்டின் வக்கீல் ஹோல்கம்ப் மிருதுவான மனிதர். வெர்லாவின் முழங்காலைப் பற்றி விசாரித்தார். கால் நீட்டிக்கொள்ள இன்னொரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். ஆறு மணி நேரம் கேள்வி கேட்டார். வெர்லா ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. மத்தியானத்துக்கு மேல் அவர் கேட்டார்:

"உங்க மையத்துல நல்ல கவனிப்புன்னு சொல்றீங்க. அதுக்கு எத்தனை நர்ஸ் வேணும்?"

"பதினெட்டு நோயாளிக்கு நாலு பேர்."

"மூணு பேர் இருந்தா சமாளிக்க முடியாதா?"

"முடியாது. ரத்தம் வெளியில ஓடுற வேலை இது. நாலு பேருக்குக் குறைஞ்சா நான் ஒரு உசிரையும் அந்த நாற்காலியில உட்காரவைக்க மாட்டேன். அது ஆபத்து."

ஹோல்கம்ப் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். தட்டச்சு செய்த பெண் எல்லாவற்றையும் பதிந்துகொண்டாள். கோரினுக்குப் பெருமையாக இருந்தது. நல்ல கவனிப்பு என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது என்று நினைத்து, அந்தப் பதிலைத் தன் குறிப்பில் வட்டமிட்டு வைத்தாள்.

வழக்கு விசாரணைக்கு மூன்று வாரம் இருக்கும்போது தலைமை வழக்கறிஞர் கிரெக் வெஸ்டர்கார்ட் அவளைக் கூப்பிட்டார். மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த பதவி அவருடையது. அடுத்த கவர்னர் தேர்தலில் நிற்கப்போகிறார் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"கோரின், அவங்க இறங்கி வந்துட்டாங்க. வெல்ஃபோர்ட்டைப் பத்து வருஷம் மூடமாட்டோம்னு எழுதித் தராங்க. நீதிமன்றத் தீர்ப்பாவே போட்டுக்கலாம்."

"வாங்கறதுக்கு விட்டுட்டு, அப்புறம் நல்லவங்களா இருங்கன்னு எழுதி வாங்கறதுல என்ன இருக்கு கிரெக்? போட்டி போயிடுமே. நம்ம சட்டம் வாங்கவே கூடாதுங்குது."

"நீங்க ஜெயிப்பீங்களா? கையில அடிச்சுச் சொல்லுங்க."

"கையில அடிச்சு யாரும் சொல்ல முடியாது."

"அதான் விஷயம். தோத்தோம்னா அந்த ஊருக்கு ஒண்ணுமே மிஞ்சாது. இதுல பத்து வருஷமாவது மிஞ்சும். வாசகத்தை நீங்களே எழுதுங்க. உங்களைவிட இறுக்கமா எழுத இங்க யார் இருக்கா?"

கோரின் நாலு பக்கத்துக்கு எதிர்ப்புக் குறிப்பு எழுதிக் கொடுத்தாள். அவர் மரியாதையாக வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். வேலையை விட்டுவிடலாமா என்று ஒரு வார இறுதி முழுக்க யோசித்தாள். தான் விட்டால் வாசகத்தை வேறொருவர் தளர்வாக எழுதிவிடுவார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு திங்கட்கிழமை திரும்பிப் போனாள்.

பேச்சுவார்த்தை எட்டு நாள் நடந்தது. ஓக்மீட் கேட்ட பதினோரு விலக்குகளில் பத்தை அவள் அடித்துத் தள்ளினாள். பதினோராவது: 'நோயாளிகளின் பாதுகாப்புக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் தவிர.' ஹோல்கம்ப் கையை விரித்தார். "ஆபத்தான இடத்தைத் திறந்தே வெச்சிருக்கணும்னு எந்த ஜட்ஜும் கையெழுத்துப் போடமாட்டாங்க, கோரின். நீங்களே அப்படிக் கேட்கமாட்டீங்க." அது நியாயமாகவும் இருந்தது. அந்த ஒன்றை விட்டாள்.

வெஸ்டர்கார்ட் நிருபர்களைக் கூப்பிட்டு, கிராமப்புற மக்களுக்குக் கிடைத்த வெற்றி என்றார். படத்தில் கோரின் இரண்டாம் வரிசையில் நின்றாள். வெர்லாவுக்குப் போன் செய்தபோது மறுமுனையில் இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

"பத்து வருஷம்னா எனக்கு அறுபத்தெட்டு ஆயிடும்," என்றாள் வெர்லா. "அது போதும் வக்கீலம்மா. நன்றி."

அந்த நன்றியைக் கோரின் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள்.

யாரும் வெர்லாவைப் பழிவாங்கவில்லை. அதே வேலை, அதே பதவி. ஆறு மாதத்தில், வெர்லாவையும் சேர்த்து இருந்த ஐந்து நர்ஸுகளில் ஒருத்திக்குக் கெர்னனில் நல்ல நேரமாகப் பார்த்துக் கொடுத்தார்கள், அவள் போனாள். அந்த இடத்துக்கு விளம்பரம் போட்டார்கள். விளம்பரத்தில் சொன்ன சம்பளத்துக்கு ஒருத்தரும் வரவில்லை. இன்னொரு நர்ஸ் கர்ப்பமாகி விடுப்பில் போனாள். அவள் திரும்பி வரும்போது அவளுக்கும் கெர்னனில் இடம் தயாராக இருந்தது. வெர்லா வாரத்துக்கு ஆறு நாள் வேலை செய்தாள். முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டு நின்றாள். தலைமை அலுவலகத்துக்கு ஒன்பது கடிதம் எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் 'தேடிக்கொண்டிருக்கிறோம்' என்று பதில் வந்தது.

விற்பனை நடந்து பதினான்காம் மாதம் ஓக்மீட் நீதிமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பியது. வெல்ஃபோர்ட்டில் இப்போது மூன்று நர்ஸுகள்தான் இருக்கிறார்கள். இது நோயாளிகளுக்கு ஆபத்து. எனவே விலக்கின்படி மையத்தை மூடுகிறோம். ஆபத்து என்பதற்கு ஆதாரமாக ஒரே ஒரு தாளை இணைத்திருந்தார்கள். வெர்லா ஓஸ்ட்பியின் சாட்சியம், பக்கம் நூற்றுப் பன்னிரண்டு, ஏழாம் வரி முதல்.

கோரின் தன் பழைய குறிப்பை எடுத்துப் பார்த்தாள். அவள் வட்டமிட்டு வைத்த அதே பதில். பிறகு உட்கார்ந்து தன்னால் முடிந்ததையெல்லாம் எழுதினாள். ஆள் குறைந்தது தானாக நடந்ததல்ல, குறைத்தார்கள் என்றாள். ஒன்பது கடிதங்களையும் இணைத்தாள். 'இரண்டு கட்டடம் எதற்கு' என்ற பழைய கடிதத்தையும் இணைத்தாள்.

நீதிபதி லோரெய்ன் பிக்கெட் நல்ல பெண்மணி. எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் ஆசனத்தில் உட்கார்ந்தார்.

"மிஸ் டஃபெக், நர்ஸ் கிடைக்கலைங்கறது பொய்னு காட்ட உங்ககிட்ட என்ன இருக்கு?"

"கிடைக்கிற மாதிரி அவங்க தேடல, யுவர் ஆனர்."

"எப்படித் தேடணும்னு இந்த ஒப்பந்தத்துல எழுதியிருக்கா?"

"இல்ல."

"எத்தனை நர்ஸ் வெச்சிருக்கணும்னு?"

"இல்ல."

"மூணு பேரோட நடத்தறது ஆபத்துன்னு சொன்னது யாரு? கம்பெனியா?"

"எங்க சாட்சி."

"அவங்க சொன்னது தப்புன்னு இப்ப நீங்க சொல்றீங்களா?"

பின்வரிசையில் வெர்லா உட்கார்ந்திருந்தாள். கோரின் திரும்பிப் பார்க்கவில்லை. "இல்ல, யுவர் ஆனர். அவங்க சொன்னது சரிதான்."

"எனக்கும் இது பிடிக்கல," என்றார் நீதிபதி. "ஆனா நீங்க எழுதின வாசகத்தைத்தான் நான் படிக்க முடியும்." மனுவை ஏற்றுக்கொண்டார்.

வெளியே நடைபாதையில் வெர்லா கோட்டின் பொத்தானைப் போட முயன்றுகொண்டிருந்தாள். கோரின் கிட்டப் போனதும், "நான் மூணு பேர் போதும்னு சொல்லியிருந்தா?" என்றாள்.

"அது பொய்யா இருந்திருக்கும்."

"பொய்யாவே இருந்திருக்கட்டுமே," என்றாள் வெர்லா. பொத்தானைப் போடாமலே பனிக்குள் இறங்கிப் போனாள்.

ஜனவரி ஆறாம் தேதி மையத்தை மூடினார்கள். நோயாளிகள் பதினெட்டுப் பேருக்கும் கெர்னனில் நேரம் ஒதுக்கியிருப்பதாகக் கடிதம் போனது. போக அறுபத்தெட்டு, வர அறுபத்தெட்டு, வாரம் மூன்று தடவை. வெர்லாவுக்கும் அங்கே இடம் கொடுத்தார்கள், அதே சம்பளத்தில். அவள் இரண்டு வாரம் போய்ப் பார்த்தாள். அந்த முழங்காலோடு அவ்வளவு தூரம் ஓட்டிவிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் நிற்க முடியவில்லை. தானாகத்தான் விலகினாள். அதனால் கோரின் வழக்குப் போட அதிலும் ஒன்றும் இல்லை. விவசாயக் கூட்டுறவுக் கடையில் விதை மூட்டைகளுக்கு ரசீது போடும் வேலை கிடைத்தது.

பிப்ரவரி நடுவில் வெர்லா போன் செய்தாள். நீதிமன்றத்தில் பிரிந்த பிறகு அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஆர்லன் நிறுத்திட்டார். நாலு நாளாச்சு. வரணும்னா சீக்கிரம் வாங்க."

கோரின் போனபோது ஆர்லன் சமையலறையில், சூடு தரும் ரேடியேட்டர் பக்கத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். முகம் உப்பியிருந்தது, மூச்சு இரைத்தது. எதிரே மேஜையில் வறுத்த உருளைக்கிழங்கும் ஆரஞ்சுச் சாறும் ஊறுகாய் வெள்ளரியும் இருந்தன. எட்டு வருஷமாக அவருக்கு விலக்கியிருந்த பண்டங்கள் எல்லாம். வெர்லா ஒரு பெரிய கண்ணாடித் தம்ளரில் தண்ணீரும் ஐஸும் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க வக்கீலம்மா. விருந்து நடக்குது."

"ஆர்லன், நான் வண்டி ஏற்பாடு பண்றேன். மாவட்ட ஆபீஸ்ல பேசியிருக்கேன், வாரம் மூணு நாளும் வந்து கூட்டிட்டுப் போவாங்க. வேற யாரும் இல்லைன்னா நானே வரேன்."

"தலைநகரத்துல இருந்தா? வாரத்துக்கு மூணு தடவையா?" சிரிக்க முயன்றார், இருமல் வந்தது. "இங்க பாருங்க. அந்த ரோட்டுல நான் முப்பத்தோரு வருஷம் பசங்களை வெச்சு ஓட்டியிருக்கேன். ஜனவரியில அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். பதினஞ்சு தடவை போனேன். ஒரு தடவை மூணு மணி நேரம் பள்ளத்துல கிடந்தோம். திரும்பி வந்து படுத்தா அடுத்த நாள் முழுக்க எழுந்திருக்க முடியல. அதுக்கு அடுத்த நாள் மறுபடி கிளம்பணும். இப்படி இருக்கறதுக்கு ஒரு பேர் இருக்கலாம். வாழறதுன்னு நான் சொல்லமாட்டேன்."

"உங்க ஒருத்தருக்காவது..." என்று கோரின் தொடங்கினாள்.

"நீங்க நல்லவங்க," என்றார் ஆர்லன். "ஆனா நீங்க வந்த அன்னிக்கே எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. யாராவது நம்ம ஊருக்கு உதவி பண்ண வந்தாலே ஏதோ போகப்போகுதுன்னு அர்த்தம்." தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்து முழுக்கக் குடித்தார். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "அடேயப்பா! இதுக்கே சாகலாம் போல."

வெர்லா தம்ளரை வாங்கிக் கழுவி வைத்தாள். கோரினை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்ல," என்றாள். "அந்த வார்த்தை என்னோடது. நிஜம்தான் சொன்னேன். அதான் வயித்தெரிச்சல். பொய் சொல்லியிருந்தா மன்னிப்பாவது கேட்டுக்கலாம்."

"வெர்லா, அவங்கதான் அதை—"

"தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது? நீங்க கிளம்புங்க. பனி வரப்போகுது."

ஆர்லன் அதற்குப் பிறகு ஐந்து நாள் இருந்தார். கடைசி இரண்டு நாள் நினைவில்லை. லூத்தரன் தேவாலயத்தில் அடக்க ஆராதனை நடந்தது. அவர் பஸ்ஸில் போய்ப் படித்தவர்கள் இருநூறு பேர் வந்திருந்தார்கள், பாதிப் பேருக்கு நரைத்திருந்தது. ஓக்மீட் ஒரு மலர்வளையம் அனுப்பியிருந்தது. அதை யாரும் எடுத்துப் போடவும் இல்லை, முன்னால் கொண்டுபோய் வைக்கவும் இல்லை. கோட்டு மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டார்கள். கீழ்த்தளத்தில் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும் காபியும் கொடுத்தார்கள். கோரின் ஒரு மூலையில் நின்று சாப்பிட்டாள். அவள் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியவில்லையே என்று நிம்மதிப்பட்டதற்காகத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

நவம்பரில் வெஸ்டர்கார்ட் கவர்னர் தேர்தலில் தோற்றார். ஜனவரியில் வந்த புதிய தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தைச் சிக்கனப்படுத்தினார். காலியாகக் கிடந்த இரண்டாவது மேஜையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்த மாதக் கடைசியில் ஓக்மீட்டின் ஆண்டறிக்கை வந்தது. தீர்ப்பு சொன்னபடி வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனி அனுப்பவேண்டியது, மாநிலத்தின் சார்பில் கோரின் சரிபார்த்துக் கையெழுத்திடவேண்டியது. மூன்று பக்கம். வெல்ஃபோர்ட்டிலிருந்து மாற்றப்பட்ட நோயாளிகள்: பதினெட்டு. தற்போது கெர்னனில் சிகிச்சை பெறுபவர்கள்: பன்னிரண்டு. ஊர் மாறியவர்கள்: இரண்டு. தாமாக முன்வந்து சிகிச்சையை நிறுத்திக்கொண்டவர்கள்: மூன்று. பிற காரணங்கள்: ஒன்று. பெறப்பட்ட புகார்கள்: எதுவுமில்லை.

கோரின் அதை ஒரு பொய்க்காகத் தேடினாள். மத்தியானம் முழுக்க எண்களை ஒவ்வொன்றாக எடுத்து, மாவட்டப் பதிவேட்டோடு ஒப்பிட்டாள். வெல்ஃபோர்ட்டுக்குப் போன் போட்டு மூன்று குடும்பங்களோடு பேசினாள். "புகார் ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டாள். "யார்கிட்ட குடுக்கறது?" என்றார்கள். ஒரு எண்கூடத் தவறவில்லை. கூட்டினால் பதினெட்டு சரியாக வந்தது.

நாலரை மணிக்குத் தபால் எடுக்கிறவர் கதவருகே வந்து நின்றார். "இன்னிக்கே போகணுமா?"

"ஆமாம். கொஞ்சம் இருங்க," என்றாள்.

அறிக்கை தீர்ப்புக்கு இணங்க உள்ளது என்று அச்சிட்ட வரியின் கீழே கையெழுத்துப் போட்டு, தேதி எழுதிக் கொடுத்தாள்.